சென்ட்ரல் பார்க்கை வலம் வருவது எப்படி

1

பிரமநாயகம் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இப்போது சங்கரன்கோவிலில் அச்சகம் வைத்திருக்கிறான். ஆடித்தபசுக்கு வருஷா வருஷம் ஒரு மலர் போடுவான். பக்கம் நிரம்பாத வருஷங்களில் அவனுக்கு நியூயார்க்கில் இருக்கும் என் ஞாபகம் வந்துவிடும். இந்த முறை எழுதியிருந்தான்: அவன் அக்கா மகன் மேல்படிப்புக்கு இங்கே வருகிறானாம், தினமும் ஓடுகிற பையனாம், உங்கள் ஊரில் இருக்கும் பெரிய பார்க்கில் எங்கே ஓடலாம், எப்படி ஓடலாம் என்று விவரமாக எழுதினால் மலரிலும் போட்டுவிடுவானாம், நாலு பேருக்கு உபயோகமாக இருக்குமாம்.

அந்த நாலு பேர் யார் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். ஒருத்தரும் அகப்படவில்லை. ஆனால் பிரமநாயகம் சொன்னால் எழுதித்தான் ஆகவேண்டும். இல்லாவிட்டால் ஊருக்கு வரும்போது பஜாரில் வைத்து மானத்தை வாங்குவான்.

முதலில் ஒரு எச்சரிக்கை. ஊரில் ஓடிப் பார்த்துப் பழகிக்கொண்டு வரலாம் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். நம் ஊரில் வளர்ந்த மனிதன் ஓடுவதற்கு மூன்று காரணங்கள்தான் உண்டு. தென்காசி பாசஞ்சர் கிளம்பிவிட்டது, நாய் துரத்துகிறது, அல்லது வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது. நாலாவதாக ஒரு காரணத்தை நம் ஆட்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இங்கே வந்து சேர்ந்த கொஞ்ச காலத்தில், எழுபதுகளின் கடைசியில், விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். பழக்க தோஷம், விடிந்ததும் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு திருவேங்கடம் ரோட்டில் ஓடினேன். ஊர் எல்லையைத் தாண்டவில்லை, பால் கேனோடு சைக்கிளில் வந்தவர் காலை ஊன்றி நிறுத்தினார்.

"அண்ணாச்சி, பஸ்ஸ விட்டுட்டியளா? பின்னால ஏறுங்க. அடுத்த ஸ்டாப்ல புடிச்சிரலாம்."

"இல்லங்க, சும்மா ஓடுதேன்."

"சும்மாவா?" என்று அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் போன பிறகு ஒரு மாட்டு வண்டிக்காரர் வண்டியை ஓரங்கட்டி, "ஏன் இப்படி ஓடுதிய? எங்கனயும் துட்டியா?" என்று தணிந்த குரலில் கேட்டார். நம் பக்கத்தில் துட்டி என்றால் சாவு வீடு. அவருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு வீடு திரும்பினால், செய்தி எனக்கு முந்தி ஓடி வந்திருக்கிறது. வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டு போனது யார் என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் முதல் மொட்டை மாடியில் நடந்தேன்.

2

இனி பார்க்குக்கு வருவோம். ஊர் நடுவில் நீளவாக்கில் கிடக்கிறது. நம் ஊரை எடுத்து உள்ளே வைத்தால் பஸ் ஸ்டாண்டு, பஜார் எல்லாம் போக இன்னும் இடம் மிஞ்சும். நாங்கள் பார்க்குக்கு மேற்கே மூன்று தெரு தள்ளி, லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில் நாலாவது மாடியில் குடியிருக்கிறோம். நான் கட்டிட வரைபடம் போடுகிற ஆபீஸில் டிராஃப்ட்ஸ்மேன். நாள் முழுவதும் குனிந்தே உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொண்டதால் டாக்டர் ஓடச் சொன்னார். அப்படித்தான் எனக்கு இந்த வியாதி வந்தது.

ஓட மூன்று வழிகள் உண்டு. முதலாவது பெரிய சுற்று. பார்க்கைச் சுற்றிப் போகும் தார் ரோடு, ஆறு மைல். வார நாட்களில் கார்களும் வரும். சனி, ஞாயிறு காரை விட மாட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் சனிக்கிழமை தொடங்குவது உத்தமம். கிழக்குப் பக்கத்து ஏற்றத்தில் பாறை மேல் ஒரு வெண்கலச் சிறுத்தை பாய்கிற மாதிரி பதுங்கியிருக்கும். அது சிலைதான். எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் நாள் அந்த ஏற்றத்தை நான் ஏறிய வேகத்தில் அப்புறம் ஒருநாளும் ஏறியதில்லை. வடகோடியில் வளைந்து வளைந்து ஒரு மேடு வரும், அதில் மூச்சு வாங்கினால் வெட்கப்பட வேண்டாம். பக்கத்தில் ஓடுகிற வெள்ளைக்காரனும் வாயைத் திறந்துகொண்டுதான் ஓடுகிறான்.

இரண்டாவது குதிரைப் பாதை. மண் பாதை, மெத்தென்று இருக்கும், முழங்காலுக்கு நல்லது. கண் தரையில் இருக்கவேண்டும். குதிரைகளுக்கு முனிசிபாலிட்டி சட்டம் எதுவும் கிடையாது.

மூன்றாவதுதான் நம்முடையது. பார்க்கின் நடுவில் ஒரு பெரிய நீர்த்தேக்கம். அதைச் சுற்றிக் கம்பி வேலி, வேலியை ஒட்டி மண்ணும் கரித்தூளும் கலந்த குறுகலான பாதை. ஒரு சுற்று ஒன்றரை மைலுக்குக் கொஞ்சம் மேலே. வசந்த காலத்தில் கரை முழுக்கப் பூவாக இருக்கும், தண்ணீரில் வாத்துகள் கிடக்கும். தெற்கே பார்த்தால் கட்டிடங்கள் எல்லாம் தலைகீழாகத் தண்ணீரில் தெரியும். இருட்டிய பிறகு போகக் கூடாது. பனிக்காலத்தில் குழாயில் தண்ணீர் வராது, குடித்துவிட்டுப் போகவேண்டும்.

இந்தப் பாதையில் ஒரு வழக்கம் இருக்கிறது. எல்லோரும் ஒரே திசையில்தான் ஓடுவார்கள், தண்ணீர் இடது கைப்பக்கம் வருகிற மாதிரி. பாதை குறுகல் அல்லவா, இரண்டு பக்கமும் ஓடினால் மோதிக்கொள்ளும். அறிவுள்ள ஏற்பாடு. நானும் முதல் நாளிலிருந்து அப்படித்தான் ஓடினேன். அது நம் கணக்கில் எந்தத் திசை என்று எனக்கு உறைக்கவே இல்லை. உறைத்தது என் வீட்டுக்காரிக்கு.

3

கோமதி நம் ஊர்ப் பெண்தான். எங்கள் ஊர் அம்பாளின் பேர், சொன்னாலே ஊர் தெரிந்துவிடும். தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள். நான் இங்கே வந்து இரண்டு வருஷம் கழித்து, பையன் சங்கரனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினாள். வந்த முதல் குளிர்காலத்தில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்ததோடு சரி. தோசை சுடுவாள், பையனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருவாள், உட்கார்ந்துவிடுவாள். பையன் என்றால் பள்ளிக்கூடத்தில் 'சேண்டி' ஆகிவிட்டான். "அம்மா, ரசம் வேண்டாம், ஸ்மெல் வருது" என்று மூக்கைப் பொத்திக்கொள்வான். ஒருநாள் சாப்பிடும்போது நிதானமாகச் சொன்னாள்.

"அட்டை கைக்கு வரட்டும். வந்ததும் நானும் பையனும் ஊருக்குப் போயிருதோம். நீங்க வருசத்துக்கு ஒருக்க வந்து பாத்துட்டுப் போங்க."

"வெளையாட்டுக்குச் சொல்லுதியா?"

"வெளையாட்டு என்ன வெளையாட்டு. இந்த ஊர்ல என்னைய ஏன்னு கேக்க ஒரு நாதி உண்டா? வாசல்ல எறங்குனா ஒரு முகம் நிமிந்து பாக்க மாட்டேங்கு. நான் என்ன மனுசியா, தூணா?"

அட்டை என்பது இங்கே நிரந்தரமாக இருப்பதற்குக் கொடுக்கும் பச்சை அட்டை. மூன்று பேருக்கும் சேர்த்து மனுப் போட்டிருந்தோம். கைரேகை, எக்ஸ்ரே, ஊர் தாலுகா ஆபீஸிலிருந்து பிறந்த சான்று, அதற்கு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு, அந்த மொழிபெயர்ப்பு சரிதான் என்பதற்கு இன்னொரு ஆளின் கையெழுத்து. அது முடியும் வரை யாரும் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். கோமதி நியாயஸ்தி. "உங்க காரியம் கெட வேண்டாம். வர்ற வரைக்கும் இருக்கேன்" என்றாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் விசித்திரமான நிலைமை. தபால்காரன் வரும்போது அவள் ஓடிப்போய்ப் பார்ப்பாள். நான் மட்டும் இன்றைக்கு எதுவும் வந்திருக்கக் கூடாது என்று சாமி கும்பிட்டுக்கொண்டே வீடு திரும்புவேன்.

ஆடி பிறந்தது. தபசுக்குக் கொடியேறும் நாள் நெருங்க நெருங்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெளியூர்க்காரர் யாராவது இதைப் படித்தால் அவருக்காகச் சொல்கிறேன்: கொடியேறியதும் எங்கள் ஊரில் ஆடிச்சுற்று தொடங்கிவிடும். அம்பாள் ஒற்றைக் காலில் தவம் இருக்கிறாள், அந்தக் கால் வலியில் ஒரு பங்கை நாம் வாங்கிக்கொள்வோம் என்று கோயிலைச் சுற்றுவார்கள். நூற்றெட்டு சுற்று சாதாரணம். கை நிறையப் புளியங்கொட்டை வைத்துக்கொண்டு சுற்றுக்கு ஒன்றாகப் போட்டுக் கணக்கு வைப்பார்கள். கோமதி கல்யாணத்துக்கு முன் ஒரு வருஷம் கூட விட்டதில்லை.

"இந்த வருசம் வேண்டிக்கிட்டேன்" என்றாள். "அட்டை சீக்கிரம் வரணும்னு."

"கோயில் இல்லாம எங்கன சுத்துவ?"

"நீங்க தெனம் ஒரு தண்ணியச் சுத்துதியளே, அது எவ்வளவு பெருசு?"

சொன்னேன். "நடுவுல தண்ணிதான இருக்கு. போதும். அம்பாள் அங்கன வந்து நிக்க மாட்டாளா?"

நான் டிராஃப்ட்ஸ்மேன் இல்லையா, கணக்குப் போட்டேன். இங்கே ஒரு சுற்று ஊரில் எத்தனையோ சுற்றுக்குச் சமம், ஆகவே இருபது சுற்றினாலே நூற்றெட்டுக்கு மேல் ஆகிவிடும் என்றேன். "அம்பாள் என்ன சங்கிலி புடிச்சு அளக்குற ஆளா? நூத்தெட்டுன்னா நூத்தெட்டுதான்" என்று சொல்லிவிட்டு, ஊறுகாய்க்கு வாங்கிய புளியில் கொட்டை தேடினாள். கடைப் புளியில் கொட்டை ஏது? பையனின் கோலிக்குண்டுகளை எடுத்துக்கொண்டாள். அவனும் அவளும் இரண்டு நாள் பேசவில்லை.

4

கொடியேறிய நாள் அதிகாலை. வேட்டி துவைக்கிறவள் மாதிரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பில்லாமல், நெற்றி நிறைய விபூதியோடு கோமதி நீர்த்தேக்கத்துக்கு வந்தாள். கிழக்கே பார்த்துக் கும்பிட்டாள். பிறகு எல்லோரும் வருகிற திசைக்கு நேர் எதிராக நடக்கத் தொடங்கினாள்.

"ஏட்டி, அங்கிட்டு இல்ல, இங்கிட்டு!" என்று பின்னால் ஓடினேன்.

"இங்கிட்டா? அப்பிரதட்சணமாவா?" அவள் நின்று என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "சாமிய வலப்பக்கம் வச்சுல்லா சுத்தணும்? எடப்பக்கமா சுத்துறது சுடுகாட்டுல. இத்தன நாளும் நீங்க இப்படியா சுத்திக்கிட்டு இருந்தீய? வெளங்குமா? பெறகு முதுகு வலிக்காம என்ன செய்யும்?"

"எல்லாரும் அப்படித்தான் ஓடுதாங்க."

"அவுகளுக்குத் தெரியல. உங்களுக்குமா தெரியல?"

அவள் போய்விட்டாள். இந்த இடத்தில் என் பயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அட்டைக்கு மனுப் போட்டவன் சிவப்பு விளக்கில் ரோட்டைக் கூடத் தாண்ட மாட்டான். எங்கே என்ன எழுதி வைப்பார்களோ, எந்த ஃபைலில் போய்ச் சேருமோ என்று கணக்குப் பார்த்துக்கொண்டே இருப்பான். ஆகவே நான் சட்டப்படி இடப்பக்கமாகவே ஓடினேன். அவள் சாஸ்திரப்படி வலப்பக்கமாகப் போனாள். ஒரு சுற்றில் இரண்டு தடவை எதிரெதிரே வந்தோம். முதல் தடவை அவளைத் தெரியாதவன் மாதிரி தாண்டிப் போனேன். அதற்கு அன்று இரவு சாப்பாட்டில் தண்டனை கிடைத்தது.

ஓடுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? "ராங் வே!" என்று ஒருவன் கத்துவான். இன்னொருவன் கையை ஆட்டித் திரும்பச் சொல்லுவான். கோமதி நின்று, வேலியோடு ஒட்டி அவர்களுக்கு வழிவிட்டு, "நோ நோ, யு ராங்" என்று பொறுமையாகத் திருத்துவாள். மூன்றாம் நாள் ஒரு அம்மாள் ஓட்டத்தை நிறுத்தினார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், கறுப்பினத்தவர், நல்ல உயரம், பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பேர் பெர்னிஸ். அவர் திசையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கோமதியின் வெறும் காலைத்தான் பார்த்தார்.

அந்த நேரம் நான் எதிரே வந்து மாட்டிக்கொண்டேன். மொழிபெயர்க்கும் வேலை எனக்கு. தவம், ஒற்றைக் கால், வலியில் பங்கு எல்லாவற்றையும் என் ஆபீஸ் இங்கிலீஷில் சொல்லி முடித்தேன். பெர்னிஸ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "பிறருடைய வலியில் பங்கு கேட்டு நடப்பவளை நான் எப்படித் திரும்பச் சொல்வேன்?" என்றார். பிறகு கோமதியிடம், ஓரமாக வா, வளைவுகளில் குரல் கொடு, இரண்டு பேர் சேர்ந்து வந்தால் நின்றுவிடு என்று மூன்று யோசனைகள் சொன்னார். எதிர்த்திசையில் போகிறவர்களுக்கு நானும் அந்த மூன்றையே சொல்கிறேன்.

அதே வாரத்தில் குதிரைப் போலீஸ்காரர் வந்தார். தூரத்திலிருந்தே பார்த்துவிட்டேன். குதிரை கோமதியைப் பார்த்துப் போகிறது. என் மனதுக்குள் அட்டை, வேலை, வீடு எல்லாம் ஒவ்வொன்றாகப் போனது. ஓடிப்போய், "ஐயா, நாங்கள் திரும்பிவிடுகிறோம்" என்று ஆரம்பித்தேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. குதிரை கழுத்தை நீட்டிக் கோமதியின் இடுப்புப் பையை மோந்துகொண்டிருந்தது. அதில் அவள் களைப்புக்கு வெல்லமும் பொரிகடலையும் வைத்திருந்தாள். ஒரு துண்டு வெல்லத்தை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். குதிரை தின்றது.

"எதிர்ப்பக்கம் போவது குற்றமா?" என்று ஈனக்குரலில் கேட்டேன்.

"யோசனைதான், சட்டம் இல்லை" என்றார் போலீஸ்காரர். "அது என்ன கொடுத்தாய்? இதுவரை இவன் இப்படி வாலை ஆட்டிப் பார்த்ததில்லை."

மறுநாள் முதல் குதிரை அவளைக் கண்டால் தானே நின்றுவிடும். நான் அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

5

ஆடி முடிந்தது, ஆவணி முடிந்தது. நூற்றெட்டு முடியவில்லை. நான் ஆபீஸ் கிளம்புவதற்குள் அவள் வீடு திரும்ப வேண்டும். நடந்தால் ஒரு சுற்றுக்கு மேல் நேரமில்லை, மழையும் தலைவலியும் போக வாரத்துக்கு நாலு சுற்றுதான். "இப்படிப் போனா தைப்பொங்கல் வந்திரும்" என்று கோமதி ஓடத் தொடங்கினாள். அவ்வளவுதான் நடந்தது. புரட்டாசியில் அவள் என்னை விட வேகமாக ஓடினாள். ஐப்பசிக் குளிரில் கான்வாஸ் ஷூ போட்டாள். அம்பாளுக்குக் கால் வலிக்கலாம், ஜலதோஷம் பிடிக்க வேண்டுமா என்பது அவள் வாதம். சேலை போய், டிராக் பேண்டும் முழங்கால் வரை தொங்கும் என் பழைய சட்டையும் குரங்குக் குல்லாயும் வந்தன.

கணவன் மனைவி எதிரெதிரே ஓடுவதில் ஒரு லாபம் உண்டு, தம்பதிகள் குறித்துக்கொள்ளவும். சண்டையைத் தொடர்ந்து போட முடியாது. தெற்குக் கரையில் "மின்சார பில் கட்டியாச்சா?" என்று கேட்பாள். வடக்குக் கரையில்தான் நான் பதில் சொல்ல முடியும். அதற்குள் எனக்கு யோசிக்க முக்கால் மைல் கிடைத்துவிடும். அவளுக்கும் கோபம் முக்கால் மைல் கரைந்திருக்கும். கல்யாணமான நாள் முதல் நாங்கள் இவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொண்டது கிடையாது.

ஆனால் பெரிய லாபம் வேறு. அதை நான் ரொம்பத் தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன். நான் வருஷக்கணக்கில் இந்தப் பாதையில் ஓடுகிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள். நீலப் பனியன் முதுகு, வியர்வை முதுகு, லேசாகச் சாய்ந்த முதுகு. எல்லோரும் ஒரே பக்கம் ஓடினால் வேறென்ன தெரியும்? எதிரே வருகிற கோமதிக்கு மட்டும்தான் ஒவ்வொரு முகமும் தெரியும். அத்தனை பேரையும் தினம் இரண்டு தடவை நேருக்கு நேர் பார்க்கிறாள். பார்த்தால் சும்மா இருப்பாளா? சிரிப்பாள். ஒரு வாரம் சிரித்தால் எந்த ஊர்க்காரனும் திருப்பிச் சிரித்துத்தானே ஆகவேண்டும்?

கார்த்திகைக்குள் அவளிடம் பார்க்கின் மொத்தச் சமாச்சாரமும் வந்துவிட்டது. "அந்தச் செவப்புத் தொப்பிக்காரருக்கு மக புள்ள பெத்துருக்கா. ஒல்லிப் பொண்ணு ரெண்டு நாளா வரல, காய்ச்சலா இருக்கும். தாடிக்காரருக்கு வேல போயிட்டு போல, மொகமே சரியில்ல." எந்த மொழியில் விசாரித்தாள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஒருநாள் பாதையை மறித்து நின்று, சிவப்புத் தொப்பிக்காரரையும் பெர்னிஸையும் நிறுத்தினாள். "யு, டெய்லி, பிஹைண்ட்" என்று அவரைக் காட்டினாள். "யு, டெய்லி, ஃப்ரண்ட்" என்று பெர்னிஸைக் காட்டினாள். "நோ டாக்கிங்? வாட் இஸ் திஸ்?" விசாரித்தால், அவர்கள் ஏழெட்டு வருஷமாகப் பத்தடி இடைவெளியில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது அன்றைக்குத்தான். இருவரும் ஒரே தெருவில் குடியிருக்கிறார்கள்.

வீட்டில் தனியாக விட முடியாமல் கூட்டி வந்த சங்கரன், ஆரம்பத்தில் அம்மாவைக் கண்டால் மரத்துக்குப் பின்னால் ஒளிவான். ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து சந்தேகத்தோடு வந்தான். அவன் வகுப்புப் பையனின் அப்பாதான் தாடிக்காரராம். "உன் அம்மாவா அந்த ராங் வே லேடி?" என்று அந்தப் பையன் வாயைப் பிளந்தானாம். "எங்க அப்பா காலையில அவங்க சிரிக்கறதப் பாக்கத்தான் எந்திரிக்கறார்" என்றானாம். அந்தச் சனிக்கிழமை சங்கரன் தானாக எழுந்து ஷூ மாட்டிக்கொண்டான்.

"ஏலே, எந்தப் பக்கமா ஓடப் போற?" என்று கேட்டேன்.

"அம்மா பக்கம்" என்றான். எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம்.

6

நூற்றெட்டாவது சுற்று கார்த்திகையில் முடிந்தது. அம்பாள் ஒப்புக்கொண்ட மாதிரிதான் தெரிந்தது. பங்குனியில் தபால் பெட்டியில் தடித்த உறை கிடந்தது. மூன்று அட்டைகள், மூன்றிலும் எங்கள் முகம் திருடன் முகம் மாதிரி விழுந்திருந்தது. கோமதி கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஆடிக்குக் கொடியேறுறதுக்கு முந்தி போயிரணும். ஊர்ல எங்க ஐயாவுக்கு எழுதிப் போடுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். எவ்வளவு நாளைக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். ஒரு வருஷம் முன்னால் சொன்னதை அவள் மாற்றிச் சொல்லவில்லை, சொன்ன சொல்லை மாற்றுகிற குடும்பமும் இல்லை. சித்திரை முழுக்க, வைகாசி முழுக்க அவள் டிரங்குப் பெட்டியில் சாமான் அடுக்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பையனின் கம்பளிச் சட்டைகளைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். ஊரில் கம்பளிக்கு என்ன வேலை? காலையில் எதிரே அவள் சிரித்துக்கொண்டு வருவாள். அடுத்த ஆடிக்கு இந்தப் பாதையில் எனக்கு முதுகுகள் மட்டும்தான் மிஞ்சும் என்று நினைத்துக்கொண்டே ஓடுவேன். கண் கலங்கும். நல்லவேளை, ஓடுகிறவன் முகத்தில் வழிவது என்ன என்று யாரும் கேட்பதில்லை.

போன சனிக்கிழமை டிக்கெட் எடுக்கப் போனோம். நம் இந்தியக் கடைகள் இருக்கும் தெருவில், சேலைக் கடைக்கு மேலே, ஒரு குஜராத்திக்காரர் விமான டிக்கெட் போடுகிறார். கெட்டிக்காரர், பைசா குறைக்க மாட்டார். பேர்களை எழுதிக்கொண்டு தலை நிமிராமல் கேட்டார்: "அம்மாவுக்கும் பையனுக்கும் போக மட்டுமா, போய்வரவா?"

கோமதியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்து, "என்ன கேக்காரு?" என்றாள்.

"போக மட்டுமா, திரும்பி வரவும் சேத்தான்னு கேக்காரு."

"இதுல கேக்க என்ன இருக்கு? ஆவணி கடைசியில வர்ற மாதிரிப் போடச் சொல்லுங்க."

அவளுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"என்னத்துக்கு முழிக்குதிய? பெர்னிஸுக்கு ஆவணியில முட்டுல ஆபரேசன்லா? பொரட்டாசியில எந்திரிச்சு நடக்கச் சொல்லிருக்காக. அவ பாட்டுக்குத் தனியா நொண்டிக்கிட்டு வருவா, எதுத்தாப்புல ஒரு மொகம் இருக்க வேண்டாமா? அந்தத் தாடிக்காரரு வேற இப்பந்தான் சிரிக்க ஆரம்பிச்சிருக்காரு. எல்லாத்தையும் போட்டுட்டு நான் எங்கன போயி உக்காருவேன்? அது மட்டுமில்ல, நீங்களா ரசம் வச்சுக் குடிச்சா ஒரு மாசம் தாங்குவியளா?"

குஜராத்திக்காரர் கணக்குப் போட்டு முடித்துத் தொகையைச் சொன்னார். எனக்கு அது காதில் விழவே இல்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சேலைக் கடைக்கு வந்த பெண்கள் படியில் நின்று பார்க்க, நாற்பது வயது மனிதன் விம்மி விம்மி அழுதேன். அவர் பாவம் பயந்துபோய்விட்டார். விலையைக் கேட்டுத்தான் அழுகிறேன் என்று நினைத்து, தலைக்கு இருபது டாலர் குறைத்துக்கொண்டார்.